இருபத்திரண்டு டிகிரியும் ஒரு கல்யாண வேனும்

போன மாதம் எங்கள் பழைய ரத்த வங்கிக்குப் புது இயந்திரம் வந்திருக்கிறது என்று சொல்லி, பார்க்க வரும்படி அழைத்தார்கள். ஓய்வு பெற்ற பிறகு நான் அந்தப் படியை மிதித்தது அன்றுதான். கண்ணாடிக் கதவு போட்ட ஓர் அலமாரி. உள்ளே அடுக்கடுக்காகத் தட்டுகள், தட்டுகளில் பிளேட்லெட் பைகள், எல்லாம் தாமாகவே இடமும் வலமும் அசைந்துகொண்டிருந்தன. சூடு கொஞ்சம் ஏறினால் கத்துமாம், இறங்கினால் கத்துமாம், கதவைச் சரியாக மூடாவிட்டாலும் கத்துமாம். எங்கள் காலத்தில் இந்த வேலைகள் அத்தனையையும் கத்தாமலே செய்த ஓர் ஆள் இருந்தார். அவரைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

"இது ஆடாமல் நின்றுபோனால் என்ன செய்வீர்கள்?" என்று கேட்டேன். கேட்காமல் இருக்க முடியவில்லை.

அங்கே வேலை பார்க்கும் ரம்யா என்ற பெண் மலையாளம் கலந்த எங்கள் ஊர்த் தமிழில் சொன்னாள்: "அது சாரமில்ல மேடம். கொறச்சு மணிக்கூர் ஆடாம இருந்தாலும் பிளேட்லெட்டுக்கு ஒண்ணும் வராதுன்னு இப்போ கண்டுபிடிச்சிருக்கா. பேடிக்க வேண்டாம்."

பயப்பட வேண்டாமாம். நான் சிரிக்க ஆரம்பித்தேன். முதலில் மரியாதையாகத்தான் சிரித்தேன். பிறகு அடக்க முடியாமல், ரத்தம் கொடுக்க வருபவர்களுக்கான சாய்வு நாற்காலியில் விழுந்து, கண்ணில் நீர் வழியச் சிரித்தேன். ரம்யா பயந்துபோய் ஜூஸ் கொண்டுவந்தாள். கடையும் பஸ்ஸும் ஓடாத ஒரு ஹர்த்தால் நாளில் நாலு பைகளுக்காக நாங்கள் ஆடிய ஆட்டத்தை அப்போது சொன்னேன். எல்லாரும் வேலையை விட்டுவிட்டுச் சுற்றி நின்று கேட்டார்கள். "இதை எழுதி வையுங்க மேடம்" என்றார்கள். எழுதிவிட்டேன்.

நான் கோமதி. கரமனை அக்ரகாரத்துப் பெண். லேப் டெக்னீஷியன் படிப்பை முடித்து, இரண்டு வருடம் சிறுநீரும் சளியும் பார்த்துவிட்டு ரத்த வங்கிக்கு மாற்றலாகி வந்தேன். பயிற்சிக் காலத்தைப் பற்றி இதற்கு மேல் சொன்னால் உங்களுக்குச் சாப்பாடு இறங்காது. அந்த வருடங்களில் என் மண்டையில் ஏறிய பாடம் ஒன்றே ஒன்று. ரத்தம் என்றால் ஃபிரிட்ஜ். யாராவது ரத்தப் பையை மேஜைமேல் ஐந்து நிமிடம் வைத்துவிட்டால் எனக்கு நெஞ்சு படபடக்கும். அப்படி வளர்ந்த பிள்ளை நான்.

தொண்ணூறுகளில் எங்கள் வங்கியில் ரத்தத்தைப் பிரித்து வைக்க ஆரம்பித்தார்கள். ஒருவர் கொடுத்த ரத்தத்தைச் சிவப்பணு, பிளாஸ்மா, பிளேட்லெட் என்று மூன்றாக்கி மூன்று பேருக்குக் கொடுக்கலாம். பிளேட்லெட் என்பது ரத்தம் கசிகிற இடத்தில் போய் அடைத்துக்கொள்ளும் மிகச் சின்ன அணு. அது குறைந்துபோனால் மூக்கிலும் ஈறிலும் ரத்தம் வரும், நிற்காது. பையை மெதுவாகச் சுற்றி, மேலே தெளிந்து வருவதை வேறு பைக்கு மாற்றி, அதைத் திரும்ப வேகமாகச் சுற்றினால் அடியில் ஒரு வெள்ளைப் பொட்டு ஒட்டிக்கொண்டிருக்கும். அதுதான் பிளேட்லெட். அதை உடனே கலைக்கக் கூடாது. கோபத்தில் இருக்கிற மனுஷனை விட்டு வைப்பதுபோல ஒரு மணி நேரம் சும்மா விட வேண்டும். பிறகு தானாக இளகும்.

இளகிய பிறகுதான் கூத்து. சிவப்பணு ஃபிரிட்ஜில் ஒரு மாதத்துக்கு மேல் இருக்கும். பிளாஸ்மா உறைந்துபோய் ஒரு வருடம் கிடக்கும். இந்தப் பிளேட்லெட்டுக்கு மட்டும் குளிர் ஆகாது, சூடும் ஆகாது. இருபத்திரண்டு டிகிரி வேண்டும். இரண்டு கூடலாம், இரண்டு குறையலாம், அதற்கு மேல் பேச்சில்லை. சும்மா படுத்தும் இருக்காது, ராவும் பகலும் ஆட்ட வேண்டும். இவ்வளவு செய்தாலும் ஐந்தே நாள். மாப்பிள்ளை வீட்டுக்காரர்கள்கூட இவ்வளவு கேட்டதில்லை.

எங்களுக்கு இதையெல்லாம் சொல்லிக் கொடுத்தவர் அன்னம்மா டாக்டர், எங்கள் தலைவி. கோட்டயம்காரர். கஞ்சி போட்ட பருத்திப் புடவை, அதன்மேல் வெள்ளைக் கோட்டு, கோட்டுப் பையில் பேனா இருக்க வேண்டிய இடத்தில் தெர்மாமீட்டர். எங்களைப் பார்த்துச் சுகமா என்று அவர் கேட்டு நான் கேட்டதில்லை. காலையில் வந்ததும் நேரே பிளேட்லெட் அறைக்குள் நுழைந்து, ஆடுகிற தட்டைப் பார்த்து "சுகந்தன்னே?" என்பார். பிறகு ஒவ்வொரு பையையும் கட்டைவிரலும் இரண்டு விரலுமாக ஓரத்தில் மட்டும் பிடித்துத் தூக்குவார். உள்ளங்கைச் சூடு படக் கூடாது. வடக்கு ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, லேசாகச் சாய்த்து, ஓரத்தை ஒரு தரம் மெல்ல அமுக்குவார். அணுக்கள் உயிரோடு இருந்தால் அந்த மஞ்சள் நீருக்குள் ஒரு மினுமினுப்பு சுழன்று வரும். கஞ்சித் தண்ணீரில் வெயில் பட்டால் சுழலுமே, அது மாதிரி. வந்தால் "நடக்குந்நுண்டு" என்று ஒரு வார்த்தை, ஓட்டம் இருக்கிறது என்று அர்த்தம். வராவிட்டால் ஒன்றும் சொல்லாமல் பையை இடது பக்கத்துத் தட்டில் வைப்பார். அந்த மௌனத்துக்கு நாங்கள் பயந்த பயம் கொஞ்சநஞ்சமல்ல.

அந்த மௌனத்தை நான் முழுதாகச் சம்பாதித்த கதையையும் சொல்லிவிட வேண்டும். பிளேட்லெட் வந்த புதிது. ஒரு சாயங்காலம் அறையின் ஏ.சி. விநோதமாக முனகியது. நான் வீட்டுக்குக் கிளம்புகிற நேரம். போகிற போக்கில் தட்டைப் பார்த்தேன். பாவம், ஆறு பைகள். ஏ.சி. நின்றுபோனால் இவை என்ன ஆகும் என்று மனசு அடித்துக்கொண்டது. எனக்குத் தெரிந்த பத்திரமான இடம் உலகத்தில் ஒன்றுதான். ஆறையும் எடுத்து, சுத்தமான துணியில் சுற்றி, ஃபிரிட்ஜில் வைத்துக் கதவை இரண்டு தரம் இழுத்துப் பார்த்துவிட்டு, நிம்மதியாகப் பஸ் ஏறினேன். ஏ.சி. முனகிக்கொண்டே விடிகிற வரைக்கும் ஓடியதாம்.

மறுநாள் டாக்டர் என்னைத் திட்டவில்லை. ஜன்னலுக்குப் பக்கத்தில் நிறுத்தி, ஒரு பையை என் கையிலேயே கொடுத்தார். "நோக்கு. எந்தா காணுந்நது?"

அமுக்கினேன். சாய்த்தேன். ஒரு சுழலும் இல்லை. வெறும் மஞ்சள் தண்ணீர். "ஒண்ணும் காணலை டாக்டர்."

"அடுத்தது."

ஆறு பையையும் பார்க்க வைத்தார். ஆறு பேர் கை நீட்டிக் கொடுத்த ரத்தம். ஆறாவது பையில் எனக்கு ஜன்னலே தெரியவில்லை, கண் அப்படி நிறைந்திருந்தது. அவற்றுக்காகக் காத்திருந்த நோயாளிக்கு வேறு ஊரிலிருந்து வரவழைத்துக் கொடுக்க மத்தியானம் தாண்டிவிட்டது. அவர் பிழைத்துக்கொண்டார். பிழைக்காமல் இருந்திருந்தால் நான் இந்த வேலையில் இருந்திருக்க மாட்டேன். வீணான பைகளுக்கு ஒரு பதிவேடு உண்டு. அதில் 'காரணம்' என்ற கட்டத்துக்கு எதிரே என்ன எழுதுவது என்று தெரியாமல் பேனாவைக் கடித்துக்கொண்டு நின்றேன். டாக்டர் பேனாவை வாங்கி அவரே எழுதினார்: 'அமித ஸ்நேகம்.' அளவுக்கு மீறிய பாசம். தணிக்கைக்கு வந்தவர்கள் அதைப் படித்துவிட்டு ஒன்றும் கேட்காமல் பக்கத்தைத் திருப்பினார்களாம்.

இனி ஹர்த்தாலுக்கு வருகிறேன். எதற்கான ஹர்த்தால் என்று ஞாபகமில்லை, எங்கள் ஊரில் அதை ஞாபகம் வைத்துக்கொள்கிற வழக்கமும் இல்லை. ஆறு மணி முதல் ஆறு மணி வரை என்பதுதான் முக்கியம். கோடைக்காலம். நான் ஆறுக்கு முன்னாலேயே கடைசி பஸ்ஸைப் பிடித்து வேலைக்கு வந்துவிட்டேன். எட்டு மணிக்குக் கரண்ட் போயிற்று.

ஜெனரேட்டர் இருந்தது. ஆனால் அதன் இணைப்பு ஃபிரிட்ஜ்களுக்கு மட்டும்தான். பிளேட்லெட் தட்டும் அந்த அறையின் ஏ.சி.யும் பிறகு வாங்கியவை, அவற்றுக்கு இணைப்புக் கேட்டு எழுதிய கடிதம் ஏதோ ஒரு மேஜையில் ஓய்வெடுத்துக்கொண்டிருந்தது. தட்டு நின்றுவிட்டது. டாக்டர் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. எவர்சில்வர் தட்டு ஒன்றை எடுத்து, நாலு பைகளையும் அதில் பரப்பி, கையில் ஏந்தி இடமும் வலமுமாக ஆட்டத் தொடங்கினார். நாலு ஜன்னலுக்கும் ஈரத்துணி கட்டச் சொன்னார். அவர் கை ஓய்ந்தால் நான், என் கை ஓய்ந்தால் அட்டெண்டர் பிரபாகரன். டெலிபோன் மணி அடித்தபோதுகூட டாக்டர் தட்டை விடவில்லை, காதில் ரிசீவரும் கையில் தட்டுமாக ஆடிக்கொண்டே பேசினார். எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கிற தைரியம் வரவில்லை.

அந்த நாலு பைகளும் யாருக்கு என்று எங்களுக்குத் தெரியும். கரமனை ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஒரு சின்ன மருத்துவமனையில் இசக்கியம்மாள் என்று ஒரு பெண் படுத்திருந்தாள். டெங்கு காய்ச்சல். அவள் புருஷன் சுடலை ஆரியசாலைக் கடைத்தெருவில் மூட்டை தூக்குகிறவர், திருநெல்வேலிப் பக்கம். இரண்டு நாள் முன்னால் தன்னோடு வேலை செய்கிற பதினொரு பேரை ஒரு லாரியில் ஏற்றிக்கொண்டு வந்து நிறுத்தினார். அதில் அவள் குரூப்புக்கு ஒத்துவந்த நாலு பேருடைய பிளேட்லெட்தான் இவை. பரிசோதனை எல்லாம் முடிந்து அன்று காலைதான் கொடுக்கத் தயார். டெலிபோனில் பேசியது அந்த மருத்துவமனை. அவளுக்கு விடிகாலையிலிருந்து மூக்கில் ரத்தம் நிற்கவில்லை, உடனே வேண்டும் என்றார்கள்.

எங்கள் ஆம்புலன்ஸ் ஒன்று கொல்லம் போயிருந்தது, இன்னொன்று வொர்க்ஷாப்பில். அந்த மருத்துவமனைக்கு ஆம்புலன்ஸே கிடையாது. ஒன்பதரைக்குச் சுடலை வந்து சேர்ந்தார். ஆற்றுக்கு அப்புறத்திலிருந்து நடந்தே வந்திருக்கிறார். கையில் ஒரு பெரிய ஃபிளாஸ்க். வந்ததும் மூடியைத் திறந்து காட்டினார். விளிம்பு வரைக்கும் ஐஸ்.

"யக்கா, கேன்டீன்ல கெஞ்சி வாங்கியாந்தேன். வழியில ஒரு துண்டுகூட உருகல, பாருங்க" என்றார். முகத்தில் அவ்வளவு பெருமை.

ஐயோ என்று இருந்தது எனக்கு. அவர் முகத்தில் நான் பார்த்தது என்னைத்தான். ஃபிரிட்ஜ் கதவை இரண்டு தரம் இழுத்துப் பார்த்த கோமதி.

"அண்ணாச்சி, இதுக்கு ஐஸ் ஆகாது. ஐஸ் பட்டா செத்துப்போயிரும்."

"ரத்தத்துக்கு ஐஸ் ஆகாதா? மீனுக்கே வைக்காங்களே யக்கா!"

டாக்டர் தெர்மோகோல் பெட்டியை எடுத்து, உள்ளே பைகளைப் படுக்கவைத்து, பக்கத்தில் தெர்மாமீட்டரைச் செருகி, பெட்டியைச் சுற்றி நனைத்த தோர்த்து ஒன்றைக் கட்டினார். தோர்த்து என்றால் எங்கள் ஊர் மெல்லிசுத் துண்டு. காற்றுப் பட்டால் ஈரம் குளிரும். "கோமதி, நீ போ. நடக்கும்போ அதுதன்னே ஆடும். ஓடண்டா, நுரை வரும். நிக்கவும் வேண்டா. இருபத்திநாலு கடந்தால்..." என்று சொல்லி நிறுத்திக்கொண்டார். அவர் வாக்கியத்தைப் பாதியில் விட்டது அன்று ஒருநாள்தான். பிறகு குரலை இறக்கி, "எவனும் ஐஸ் வெக்காம நோக்கிக்கோ" என்றார்.

நடந்தோம். நான் பெட்டியை இடுப்பில் ஏந்தி நடக்க, சுடலை ஒரு பாட்டில் தண்ணீரோடு பக்கத்தில் வந்து தோர்த்து காயக் காய நனைத்தார். நகரம் முழுக்க ஷட்டர் இறங்கிக் கிடந்தது. எம்.ஜி. ரோட்டில் எங்களையும் ஒரு பசுவையும் தவிர யாருமில்லை. நான் பஸ் போகிற சாலையின் நட்ட நடுவில் இடுப்பை ஆட்டிக்கொண்டு நடக்கிறேன், பக்கத்தில் ஒரு மனுஷர் என் மேல் தண்ணீர் ஊற்றுகிறார். மாடியிலிருந்து பார்த்த ஒரு குடும்பம் என்ன நினைத்ததோ தெரியாது. பத்து நிமிடத்துக்கு ஒரு தரம் மூடியை இழை அளவு திறந்து தெர்மாமீட்டரைப் பார்ப்பேன். இருபத்திரண்டரை. இருபத்திமூன்று. தம்பானூர் தாண்டும்போது இருபத்திமூன்றரை. வெயிலோ ஏறிக்கொண்டே போகிறது.

"யக்கா, அவ பிழைச்சுருவாளா?" என்று சுடலை கேட்டார். அதுவரைக்கும் அவர் அதைக் கேட்கவேயில்லை.

"இது உயிரோட போய்ச் சேந்தா பிழைச்சுருவா" என்றேன். அவர் தோர்த்தை இன்னொரு தரம் நனைத்தார். செத்த பையை ஜன்னலில் பிடித்துப் பார்த்தவள் நான். இந்த மனுஷர் பக்கத்தில் நிற்க, அதே மாதிரி ஒரு பையை மறுபடியும் பிடிக்க என்னால் முடியாது என்று தோன்றியது.

கிழக்கேகோட்டையில் ஹர்த்தால்காரர்கள் பத்துப் பதினைந்து பேர் சாலையின் குறுக்கே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் முன்னால் வெள்ளை வேன் ஒன்று நின்றுகொண்டிருந்தது. முன்கண்ணாடியில் 'விவாஹம்' என்று பெரிய எழுத்தில் காகிதம். ஹர்த்தாலுக்குக் கல்யாண வண்டியை விட்டுவிடுவார்கள். கூட்டத்தின் தலைவர் வேனுக்குள் எட்டிப்பார்த்து, உள்ளே உண்மையாகவே ஒரு கல்யாணப் பெண் இருக்கிறாளா என்று சோதித்துவிட்டு, இருக்கிறாள் என்று திருப்தியாகித் திரும்பினார். திரும்பியவர் கண்ணில் நாங்கள் பட்டோம்.

"எந்தா சேச்சீ பெட்டியில்?"

"ரத்தம். ஒரு பெண்ணுக்கு. ஆற்றுக்கு அப்புறம் போகணும்."

அந்த மனிதர் பதறிப்போனார். "ஐயோ, இந்த வெயிலிலோ! எடா, ஆ கடையிலிருந்து கொறச்சு ஐஸ் எடுத்துக்கொண்டு வாடா!"

"ஐஸ் வேண்டாம்!" என்று சுடலையும் நானும் ஒரே குரலில் கத்தினோம். சுடலை இன்னும் ஒரு படி மேலே போய், "ஐஸ் வச்சா செத்துரும்லா! மீனு இல்ல இது!" என்று விளக்கமும் கொடுத்தார். நான் தெர்மாமீட்டரைப் பார்த்தேன். இருபத்திநாலு. எல்லையைத் தொட்டுக்கொண்டு நின்றது.

அந்த நேரத்தில் வேனின் கதவு திறந்தது. ஜில்லென்று ஒரு காற்று என் முகத்தில் அடித்தது. ஏ.சி. வேன். பெண்ணின் மேக்கப் கரையக் கூடாது என்று வாடகைக்கு எடுத்திருக்கிறார்கள். கரண்ட் இல்லாத, பஸ் இல்லாத, அனல் அடிக்கிற அந்த ஊரில் எனக்கு வேண்டிய இருபத்திரண்டு டிகிரி நாலு சக்கரத்தின் மேல் நின்றுகொண்டிருந்தது. உள்ளேயிருந்து ஒரு பட்டுப்புடவை மாமி எட்டிப்பார்த்தாள்.

"நீ கரமனை கோமதியில்லையோ? என்ன கோலமாக்கும் இது? உடம்பெல்லாம் நனைஞ்சு, பெட்டியைத் தூக்கிண்டு!"

எங்கள் தெருவிலிருந்து கோட்டைக்குக் குடிபோன பாலம்மாள் மாமி. கல்யாணப் பெண் அவள் தம்பி மகள் மீனா. மண்டபம் எங்கே என்று கேட்டேன். கரமனைப் பாலம் தாண்டி என்றாள். நான் அழைப்புக்குக் காத்திருக்கவில்லை, ஏறிவிட்டேன். சுடலையையும் இழுத்துப் போட்டேன். பின்னால் தலைவர், "வழி மாறு, வழி மாறு!" என்று தன் ஆட்களையே விரட்டி நாற்காலிகளை அகற்றினார்.

பெட்டியைத் திறந்து பைகளை வெளியே எடுத்தேன். வேனுக்குள் காற்று சரியாக இருந்தது. ஆனால் உட்கார்ந்துவிட்டால் யார் ஆட்டுவது? அதைச் சொன்னதும் மாமி மடியிலிருந்த வெள்ளித் தாம்பாளத்தைக் காலி செய்தாள். அதிலிருந்த முறுக்குகள் முழுவதும் சுடலை மடிக்குப் போயின. நாலு பைகளையும் தாம்பாளத்தில் பரப்பினேன்.

"எப்படி ஆட்டணும்?"

"மெதுவா மாமி. இந்தப் பக்கம், அந்தப் பக்கம். நுரை வரப்பிடாது."

"ஊஞ்சல்னு சொல்லேன்டி! ஊஞ்சல் ஆட்ட எனக்கா சொல்லித் தரே? இன்னும் ஒரு மணிக்கூர்ல இவளை ஆட்டத்தானே போறேன்!"

தாம்பாளத்தின் ஒரு ஓரத்தை மாமி பிடித்தாள், மறு ஓரத்தை மீனா மருதாணிக் கையால் பிடித்தாள். நான் சொல்லாமலே விரல் நுனியில்தான் பிடித்தாள், மருதாணி போய்விடுமோ என்ற பயம். மாமி ஊஞ்சல் பாட்டை எடுத்துவிட்டாள். கணீர் குரல். பின்சீட்டில் இருந்த பெண்கள் எல்லாரும் சேர்ந்துகொண்டார்கள். ஆரியசாலைச் சுமை தூக்கும் தொழிலாளிகள் நாலு பேரின் பிளேட்லெட் வெள்ளித் தாம்பாளத்தில் ஊஞ்சலாடிக்கொண்டு, கல்யாணப் பாட்டோடு கரமனைக்குப் போயிற்று. சுடலை மடி நிறைய முறுக்கோடு அழுதுகொண்டிருந்தார், சிரித்துக்கொண்டும் இருந்தார். டிரைவருக்கும் உற்சாகம் தாங்கவில்லை. "ஏ.சி. ஃபுல்லா வெக்கட்டே? ஐஸ் மாதிரி ஆக்கித் தராம்!" என்றார். வேன் முழுக்க ஒரே குரலில் "வேண்டாம்!" என்று கத்தியது. கல்யாணப் பெண்ணின் குரல்தான் எல்லாரையும்விடப் பெரிதாகக் கேட்டது.

மருத்துவமனை வாசலில் பைகளைத் திரும்பப் பெட்டியில் வைத்து, இறங்கி மாடிக்கு ஓடாமல் ஓடினேன். வார்டு சிஸ்டர் வாசலிலேயே காத்திருந்தார். பெட்டியை இரண்டு கையாலும் வாங்கி, "தெய்வமே, வந்துவிட்டதல்லோ!" என்று நெஞ்சோடு அணைத்துக்கொண்டு விறுவிறுவென்று உள்ளே போனார். எங்கே போகிறார் என்று பார்த்தேன். மூலையில் ஃபிரிட்ஜ். கதவைத் திறந்தும்விட்டார்.

நான் போட்ட சத்தத்தில் இரண்டு நோயாளிகள் எழுந்து உட்கார்ந்தார்கள். சுடலை பாய்ந்து போய் ஃபிரிட்ஜ் கதவுக்கும் சிஸ்டருக்கும் நடுவில் இரண்டு கையையும் விரித்து நின்றுவிட்டார்.

இசக்கியம்மாள் ஜன்னல் ஓரத்துக் கட்டிலில் இருந்தாள். மூக்கில் பஞ்சு, தலையணையில் விரித்த துண்டு பூராவும் சிவப்பு. கைகளில் கடுகு இறைத்ததுபோலச் சிவப்புப் புள்ளிகள். அந்தக் கோலத்திலும் புருஷனைப் பார்த்து, "மடியில என்ன முறுக்கு?" என்று கண்ணால் கேட்டாள். முதல் பையை ஓரத்தில் பிடித்து ஜன்னல் வெளிச்சத்துக்கு உயர்த்தினேன். சுடலை என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். சாய்த்தேன். லேசாக அமுக்கினேன்.

சுழன்றது. மஞ்சளுக்குள் மினுமினுவென்று அலை அலையாகச் சுழன்று வந்தது. அடுத்த பை. அதுவும். மூன்றாவது, நாலாவது. எனக்கு அங்கேயே குதிக்க வேண்டும்போல் இருந்தது. ஒரு வார்த்தைதான் வாயில் வந்தது, அதுவும் எங்கள் டாக்டர் குரலிலேயே வந்தது: "நடக்குந்நுண்டு!"

நாலு பையும் ஏறி முடிந்து, மத்தியானத்துக்கு மேல் மாற்றிய பஞ்சு வெள்ளையாகவே இருந்தது. அரை மணி கழித்துப் பார்த்தோம், வெள்ளை. இன்னொரு அரை மணி, வெள்ளை. வெறும் பஞ்சைப் பார்த்து அவ்வளவு சந்தோஷப்பட்டதை நான் இதுவரைக்கும் யாரிடமும் சொன்னதில்லை. சுடலை நேரே மண்டபத்துக்கு ஓடிப்போய்ச் சொன்னாராம். தாலி கட்டி முடிந்திருந்தது. அவரைப் பிடித்து உட்காரவைத்து இலை போட்டு, மீனாவே வந்து பாயசம் பரிமாறினாளாம்.

ரம்யா சொன்னதை வைத்துப் பார்த்தால் அந்தப் பாட்டும் தாம்பாளமும் தேவையே இருந்திருக்காது. இருக்கட்டும். ஃபிரிட்ஜ் விஷயத்தில் மட்டும் இன்றைக்கும் அவர்கள் ஒரு எழுத்தை மாற்றவில்லை, கேட்டுத் தெரிந்துகொண்டுதான் வந்தேன்.

மூன்று வாரம் கழித்து ஒருநாள் எங்கள் வங்கியின் வாசலில் இசக்கியம்மாள் வந்து நின்றாள். சொந்தக் காலில் படியேறி வந்திருந்தாள், தலையில் பிச்சிப்பூ. பின்னால் சுடலை ஒரு தூக்குவாளியோடு. "ஏம்மா, எனக்கு ஏத்துன ரத்தம் கல்யாண வண்டியில பாட்டோட வந்துச்சாம்லா? இவுக சொல்லுதாக, நான் நம்பல" என்றாள். நிஜம்தான் என்றேன். வாளியைத் திறந்தாள். நறுநீண்டி, அதாவது நன்னாரி சர்பத், மேலே முழுக்க ஐஸ் கட்டி. "அன்னைக்கு ஊரே ஐஸு தந்துச்சாம், எல்லாத்தையும் வேண்டாம்னு வெரட்டுனீகளாம். இன்னைக்கு நான் தாரேன். வேண்டாம்னு சொல்லக் கூடாது."

சொல்லவில்லை. டம்ளரை வாங்கினேன். ஐஸின் குளிர் விரலெல்லாம் ஏறியது. அவள் மூக்கைப் பார்த்தேன், கைகளைப் பார்த்தேன், ஒரு புள்ளி இல்லை. பார்த்துக்கொண்டே நின்றுவிட்டேன் போலிருக்கிறது. அன்னம்மா டாக்டர் தன் டம்ளரை முடித்துவிட்டு, என் கையையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, அத்தனை வருடத்தில் முதல் தடவையாக, வாய்விட்டுச் சிரித்தார்.

"கோமதி, அது சர்பத்து. ஆட்ட வேண்டா. குடி."